முறுக்குப் போத்தலில் விமானப் பயணம்

எனக்கு நார்வே போக ஆசை இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் ஏதோ பெரிய மனசுக்காரி மாதிரித் தெரியக்கூடும். ஈப்போவில் ஒரு பண்டல் கடையில், அதுதான், குளிர்நாட்டுக்காரர்கள் போட்டுக் கழித்த துணிகளைக் குவித்து வைத்து விற்பார்களே, அங்கே நீல நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வைத்திருந்தேன். அதை வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கே ஏர்கோனைப் பதினாறில் வைக்க வேண்டியிருந்தது. நார்வேயில் ஒரு மாநாடு. புள்ளிவிவரங்களைக் கணினியில் காட்டாமல் கையால் தொட்டு எடுக்கிற பொருட்களாகக் காட்டுவது எப்படி என்று நான் போய்ப் பேச வேண்டும். பேச்சு இருபது நிமிடம். மீதி நேரம் மலையும் தண்ணீரும் பார்க்கலாம் என்று இருந்தேன்.

நான் ஈப்போவில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். நிரந்தர வேலை. என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட பெண்ணுக்கு நிரந்தரமில்லை, ஒப்பந்தம். பாரிட் புந்தார்க்காரி. அவள் அப்பா அங்கே நெல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். முப்பத்துநாலு வயது, முனைவர் பட்டம், என்னை விட நன்றாகப் பாடம் நடத்துவாள். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. அவள் ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் நேரில் போய்க் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்பது புதிதாக வந்த விதி. வீட்டிலிருந்து திரையில் வாசித்தால் கணக்கில் சேராது. ஆறு வருடம் இங்கே வேலை செய்தும் அவளுக்கு அந்த வாய்ப்பு வந்ததில்லை. அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. இந்த வருடம்தான் தைவானில் ஒரு மாநாடு அவள் கட்டுரையை எடுத்துக்கொண்டது. கல்லூரியும் பயணத்துக்குச் சரி என்று சொல்லியிருந்தது. அவள் கடப்பிதழ் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, தினமும் ஒருதடவை திறந்து பார்ப்பாள். படம் நன்றாக விழவில்லை என்பாள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கல்லூரியே ஒரு மாநாடு நடத்தியது. தலைப்பு, பூமியைக் கெடுக்காமல் கல்வி. நான்கு நாடுகளிலிருந்து ஆட்கள் விமானத்தில் வந்து, விமானப் புகையால் பூமி சூடாவதைப் பற்றி இரண்டு நாள் பேசுவதாக ஏற்பாடு. எங்கள் டீனுக்கே இது லேசாக உறுத்தியிருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

டீன் மரியாதையான மனிதர். குரல் உயர்த்த மாட்டார். வருடத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அவர் அறைக் கதவில் தொங்கும் 'வெளியூரில்' என்ற அட்டை வெயில் பட்டு மங்கிப்போயிருந்தது.

"மாநாடு மாநாடுன்னு நம்மளே பறந்துக்கிட்டு இருக்கோம், அதைப் பத்தியும் ஒண்ணு காட்டணும். ஸ்லைடு வேணாம். ஸ்லைடு போட்டா எல்லாரும் போனை எடுத்துடுறாங்க. நீங்க நார்வேக்குக் கொண்டு போறீங்கல்ல, அந்த மாதிரி ஏதாவது இங்கயும் செஞ்சிடுங்க," என்றார்.

நான் அறைக்கு வந்து அவளிடம் சொன்னேன். நாடுவாரியாகப் போத்தல் வைப்போம், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு தூரம் பறந்து வந்தார்களோ அதற்குத் தக்கபடி எதையாவது போடச் சொல்வோம் என்பது என் யோசனை. அவள் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"விருந்தாளியைக் கூப்பிட்டு வந்து ஏன் வந்தேன்னு கேக்குற மாதிரி இருக்கும்க்கா. நம்ம ஆளுங்களை மட்டும் போடச் சொல்வோம். போன வருசம் யாரு எத்தனை மணி நேரம் பறந்தாங்க. பதவி வாரியா. பேராசிரியருக்கு ஒரு போத்தல், நிரந்தர விரிவுரையாளருக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கோபம்தான் வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல ஒரு காப்பி குடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டேன்.

போத்தலுக்குப் பிரச்சினையில்லை. தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல் என் வீட்டில் எப்போதும் இருக்கும். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வரும் முறுக்கு கிறிஸ்துமஸ் வரைக்கும் தீராது. மூன்றைக் கழுவி எடுத்தேன். உள்ளே போட ரப்பர் கொட்டை. சித்தியவான் பக்கம் நான் பிறந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. கிறிஸ்தவர்கள் கல்லறையை ஒட்டி மட்டும் ஒரு வரிசைப் பால்மரம் நிற்கிறது. பிணங்களோடு யார் பேச்சுவார்த்தை நடத்துவது என்று கம்பெனி விட்டுவிட்டது. ஒரு சனிக்கிழமை நானும் அவளும் போய், கொசுக்கடியில் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம். பாரிட் புந்தாரில் வயல்தான். அவள் ரப்பர் கொட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புள்ளி புள்ளியாக அழகாக இருக்கிறது, எறும்பு ஏறுமா என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம் பறந்தால் ஒரு கொட்டை. அவ்வளவுதான் சட்டம். பெயர் எழுத வேண்டாம், கையெழுத்து வேண்டாம். தாளிலும் குறிப்பதில்லை என்று நானே முடிவு செய்தேன். போத்தல்தான் கணக்கு, போத்தலைப் பார்த்தால் போதும் என்று கொஞ்சம் மிதப்பாகச் சொல்லிக்கொண்டேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

மாநாட்டன்று காலையில் வாசல் மண்டபத்தில் மேசை போட்டு மூன்று போத்தல்களையும் வைத்தோம். எங்கள் ஆட்கள் வந்தார்கள். பாதிப்பேர் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள். கொட்டையைக் கண்டதும் பறந்த கணக்கை மறந்துவிட்டார்கள். டை கட்டிய ஒரு பேராசிரியர் குனிந்து ஒரு கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்து இன்னொரு பேராசிரியர் கையில் சூடு வைக்கப் பார்த்தார். பளிங்குத் தரையில் சூடு ஏறவில்லை. சிமெண்டு வேண்டும் என்று இருவரும் வெளியே போனார்கள்.

ஒன்பதரைக்குள் எல்லாரும் போட்டு முடித்திருந்தார்கள். பேராசிரியர் போத்தல் வழிந்தது. டீன் மட்டும் இரண்டு கையாலும் அள்ளி நாலு தடவை போட்டார். எண்ணினாரா என்று கேட்டேன், குத்துமதிப்பு என்றார். நிரந்தரக்காரர்கள் போத்தலில் பாதி. நான் போன வருடம் எங்கும் போகவில்லை, வெறும் கையோடு நின்றேன். அதில் எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும், வந்தது வெட்கம். ஒப்பந்தக்காரர்கள் மொத்தம் ஆறு பேர். அவர்கள் போத்தலில் ஐந்தே கொட்டை. ஒருத்தர் கோத்தா கினபாலுவுக்குப் போய்த் திரும்பியது. அவள் அந்தப் போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் எழுதி ஒட்ட வேணாம்க்கா. பார்த்தாலே தெரியுது," என்றாள்.

அதற்குள் டத்தோ, அதுதான், சுல்தான் கையால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், வருகிறார் என்றார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு டத்தோ இல்லாமல் எங்கள் ஊரில் கழிவறைகூடத் திறக்காது. எல்லாரும் மண்டபத்துக்குள் போய் நின்றோம். நாட்டுப் பண், மாநிலப் பண், கல்லூரிப் பண் மூன்றும் பாடி, அவர் பேச்சும் கேட்டு, அவரை அழைத்துக்கொண்டு வாசல் மேசைக்கு வந்தால், மூன்று போத்தலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. முக்கால் முக்காலாக. அளவுகோல் வைத்து நிரவியது போல் அவ்வளவு நேர்த்தி.

டத்தோவுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. எல்லாரும் சமமாகப் பங்களித்திருக்கிறார்கள் என்று பாராட்டினார். படம் பிடித்தார்கள். படத்தில் நான் போத்தலுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் பக்கத்தில் அவள் சிரிக்காமல் நிற்கிறாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டத்தோ முன்னால் எப்படிச் சொல்வது, சபை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

யார் வேலை என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டியிருக்கவில்லை. தேநீர் கலக்கும் அக்கா தானாகவே வந்து சொன்னார். பாகான் டத்தோ என்ற ஊர்ப்பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவர், எங்கள் கல்லூரிச் சமையலறையில் பதினைந்து வருடமாக இருக்கிறார்.

"என்னா டீச்சர் நீங்க, நல்ல நாளும் அதுவுமா பெரிய மனுசன் வர்ற நேரத்துல ஒரு போத்தலை வெறுமனே வெச்சிருக்கீங்க. வெறும் ஏனத்தை யாராச்சும் சபையில வைப்பாங்களா? மத்தது வழியுது, அது மட்டும் அடியில அஞ்சு கொட்டையோட பாவமா கெடக்கு. அதான் வழியுறதுல கொஞ்சம், மீதிச் சாக்குல கொஞ்சம் எடுத்துப் போட்டு மூணையும் சரி பண்ணேன். நல்லா இருந்துச்சுலா?"

நல்லா இருந்துச்சுக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? என் அம்மாவாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறுக்கு கொடுத்த போத்தலை நான் இதுவரை காலியாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவள் ஒரு போத்தலைக் காலியாகச் சபையில் வைத்து, அது காலியாகவே இருக்கும் என்று நம்பினேன். இதற்கு இருபத்திரண்டு வருடப் புள்ளியியல்.

சரி, ஒரு படம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து நிர்வாகத்திடமிருந்து சுற்றறிக்கை வந்தது. மேலே அந்தப் படம். கீழே பசுமைப் பயணக் கொள்கை. மாநாட்டில் வைத்த காட்சியின்படி மூன்று பிரிவினரும் சமமாகப் பறக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் ஆறு பேர்தான். ஆகவே தலைக்கு அதிகமாகப் பறப்பவர்கள் அவர்களே. ஆகவே முதல் கட்டமாக அவர்களுடைய வெளிநாட்டுப் பயணங்கள் ரத்து. திரை வழியாகக் கலந்துகொள்ளலாம். வகுத்தல் சுத்தமாக இருந்தது. எங்கள் நிர்வாகத்தில் பாதிப்பேர் என் பழைய மாணவர்கள். அப்படி வகுக்க நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவள் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தாள். மடித்தாள். இழுப்பறையைத் திறந்து கடப்பிதழின் மேல் வைத்து மூடினாள்.

"தலைக்கு அதிகமா பறக்கிறேனாம்க்கா," என்றாள்.

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பேனாவை எடுத்து விடைத்தாள் திருத்த ஆரம்பித்தாள். திரையில் வாசித்தால் ஒப்பந்த விதியில் சேராது. நேரில் போகலாமென்றால் பசுமைக் கொள்கை விடாது. இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டது ஒரே கை. வருடக் கடைசியில் அவள் பாரிட் புந்தாருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். என் முறுக்குப் போத்தலால்.

டீன் ஊரில் இருந்த ஒரு நாளைப் பார்த்து அவர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏற்பாட்டுக் குறைபாடு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கும் அன்னைக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நான் போட்டதே அந்தப் போத்தல் நிறைய வருமே. ஆனா டத்தோ பாராட்டிட்டாரு. அறிக்கை மேலிடம் வரைக்கும் போயாச்சு. இப்ப போத்தல் தப்புன்னு எழுதினா நம்ம எல்லாருக்குமே அசிங்கம்."

"அந்தப் பொண்ணு வேலை போயிடும் டீன்."

"அது எனக்கும் வருத்தந்தான். புதுசா ஒரு பயணம் என்னால தர முடியாது. பறக்கிற மணிக்கணக்கு கூடக்கூடாதுன்னு கொள்கையிலேயே எழுதியாச்சு."

அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "கூடாம இருந்தா சரியா? ஏற்கெனவே ஒத்துக்கிட்ட பயணத்துல ஆளை மாத்தினா கொட்டை கூடாதே. அதே சீட்டு, அதே மணி நேரம்," என்றேன். என் மனசில் இருந்தது டீனுடைய பயணங்கள். அந்த வருடத்துக்கு இன்னும் ஐந்து வைத்திருந்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் தெளிந்துவிட்டது.

"நல்ல யோசனை. நார்வே உங்க பேர்லதானே இருக்கு," என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தை விடச் சத்தமாக விழுந்தன. எனக்கு ஐம்பத்தாறு வயது. இதுவரை பறந்ததெல்லாம் பேங்காக், சென்னை, கூச்சிங். குளிர்நாடு இனி எப்போது? அவள் சின்னவள், அவளுக்கு இன்னொரு வாய்ப்பு வரும் என்று முதல் நாள் சொல்லிக்கொண்டேன். வேலை போனவளுக்கு எங்கிருந்து வரும் என்று இரண்டாம் நாள் தோன்றியது. மூன்றாம் நாள் அவள் தைவானுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தாள். வர இயலாமைக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். சுற்றுச்சூழல் என்று எழுதவா என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

"அதை அப்புறம் எழுதிக்கலாம். பதவி வாரியாப் போத்தல் வைக்கிறது யாரு யோசனை?" என்றேன்.

"ஏன்க்கா?"

"நார்வேக்காரனுக்குச் சொல்லணும்ல. உன் பேரை முதல்ல போட்டு, நீதான் பேசப் போறேன்னு எழுதிட்டேன். டீன் கையெழுத்தும் வாங்கியாச்சு. வேணாங்கிற பேச்செல்லாம் வேணாம், எனக்கு ஏற்கெனவே கடுப்பா இருக்கு."

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்காக அவளை எனக்கு மிகவும் பிடித்தது. மறுநாள் நீலக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவளுக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது, நன்றாக இருக்கிறது என்றேன். எனக்கு அழுகை வந்தது, கோட்டுக்காகத்தான்.

ரப்பர் கொட்டையை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக விட மாட்டார்களோ என்று பயமாக இருந்தது. அங்கே போய்க் காய்ந்த பட்டாணி வாங்கிக்கொள் என்றேன். ஒப்பந்தக்காரர்கள் போத்தலை மட்டும் காலியாக எடுத்துப் போனாள். பேச்சில் காட்ட அதுவே போதும் என்றாள். ஈப்போ பஸ் நிலையத்தில் அவள் அப்பா வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எங்கேயோ பார்த்தேன். மனசுக்குள் அப்போதும் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்நேரம் நான் ஏறியிருப்பேன், இந்நேரம் எனக்கு ஜன்னல் சீட்டு.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். பேச்சு நன்றாகப் போனதாம். காலிப் போத்தலைத் தூக்கிக் காட்டியபோது கூட்டத்தில் ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள், பேராசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள் என்றாள். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பித்து வந்தது, இரண்டு வருடத்துக்கு. கடிதத்தைக் காட்டினாள். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, நான் பொருட்படுத்தவில்லை.

அன்றைக்கே போத்தலையும் திருப்பிக் கொடுத்தாள். சிவப்பு மூடி இறுக்கமாக மூடியிருந்தது. உள்ளே கொட்டைகள்.

"காலியா எப்படிக்கா திருப்பித் தர்றது? மீதிச் சாக்கு தேத்தண்ணி அக்காகிட்டதான் இருந்துச்சு, அங்க போய் எடுத்தேன். இன்னும் ரெண்டு கை போடவான்னு கேட்டாங்க. வேணாம், நான் எண்ணி வெச்சிருக்கேன்னு சொன்னேன்."

அவள் வகுப்புக்குப் போன பிறகு மேசையில் கொட்டி எண்ணினேன். பழக்கதோஷம். முப்பத்தைந்து. கோத்தா கினபாலுவுக்கு ஐந்து போனால் முப்பது. என் கணக்குப்படி போக பதினாலு, வர பதினாலு, இருபத்தெட்டுத்தான் வரவேண்டும். இவளும் குத்துமதிப்பாக ஆரம்பித்துவிட்டாளா என்று எரிச்சலாக இருந்தது. வந்ததும் கேட்டேன்.

"இல்லக்கா, முப்பதுதான். திரும்பி வர்றப்ப கோலாலம்பூர்ல நல்ல மழை. இறங்க விடல. விமானம் ரெண்டு மணி நேரம் மேலயே சுத்துச்சு. பக்கத்துல இருந்த பேராசிரியர் ஒருத்தர் ஏசிக்கிட்டே வந்தாரு. நான் ஜன்னல்ல பார்த்துக்கிட்டே இருந்தேன். இன்னொரு தடவை சுத்தினா நல்லா இருக்கும்னு இருந்துச்சுக்கா."

முப்பத்தைந்தையும் எடுத்துத் திரும்பப் போத்தலுக்குள் போட்டேன். மூடியை இறுக்கினேன். யாரும் கை வைக்காதீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி, அலமாரிக்கு மேலே வைத்தேன்.